யாரும் எடுக்காத கேசட்டில் அடித்த வெயில்

இப்போது வந்து கேட்டால் காட்ட முடியாது, அந்தக் கேசட்டைச் செருகினால் வெறும் படம்தான் ஓடுகிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எங்கள் தெருவைப் பொய்த்தெரு என்று யாரும் பேசக் கூடாது. ஆனால் அந்த அடைமழைக் காலத்தில், தூத்துக்குடியில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற எங்கள் தெருவில், செலினக்காவின் வீடியோ கேம் கடை டிவிக்குள்ளிருந்து வெயில் அடித்தது. விளக்கு வெளிச்சம் இல்லை, வெயில். காலையில் மொட்டைமாடியில் போய் நின்றால் முதுகில் உறைக்குமே, அந்த வெயில்.

செலினக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் வேலைக்குப் போகிறவர். மற்ற கப்பல்காரர்கள் சென்ட்டும் சோப்பும் கொண்டுவந்து சொந்தக்காரர்களின் வாயை அடைப்பார்கள், இந்த மனிதர் மட்டும் போகிற துறைமுகத்திலெல்லாம் விலைபோகாமல் கிடக்கிற கேம் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். அக்கா அதைக் கொண்டு முன்னறையில் கடை போட்டுவிட்டாள். ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், உட்கார ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான் கடை. கடைக்கு ஒரே சட்டம்: ஒரு உயிருக்கு ஒரு ஆள். ஆட்டத்தில் செத்தால் மறுபேச்சு இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும், சாகாதவனிடமிருந்து பிடுங்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்குப் பங்குச்சாமியாரின் மகனே வந்தாலும் விலக்கு கிடையாது என்பாள், சாமியாருக்கு ஏது மகன் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பயல்கள் எடுப்பதெல்லாம் சண்டை, துப்பாக்கி, கார். மற்ற கேசட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும், அக்காவுக்கு உயிர் அந்த டின்னில்தான் இருந்தது. ஒரு கேசட்டில் நாள் முழுக்க ரொட்டி சுட்டு அடுக்க வேண்டும், ஒன்றில் ரயிலை ஓட்டிக்கொண்டுபோய் நடைமேடையில் கோட்டுக்கு நேராக நிறுத்தினால் இறங்குகிற பொம்மைகள் கையை ஆட்டிவிட்டுப் போகும், ஒன்றில் தவளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒன்றில் தூண்டிலைப் போட்டுவிட்டு மீன் கடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். இதைத்தானே எங்க அப்பன் கடலிலே செய்கிறான், இதுக்குக் காசு கொடுத்து வேற உட்காரணுமா என்று பயல்கள் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேசட், தொப்பி போட்ட ஒருவர் நடந்துகொண்டே இருப்பார், எதிரி கிடையாது, பள்ளம் கிடையாது, சாவே கிடையாது. சாவு இல்லாத ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக் எப்படிக் கை மாறும்? முதலில் எடுத்தவனே பிடித்துக்கொண்டிருப்பான், மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அதை ஒருவரும் தொட்டதில்லை.

கஸ்பாரையும் அப்படித்தான் யாரும் சீந்தாமல் வைத்திருந்தோம். முப்பது தாண்டியவன், சுவக்கின் மாமாவின் ஒரே மகன், தெருவில் அவனுக்கு முக்கால் என்று பெயர். வெல்டிங் படிக்கப் போய்க் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்தான், மஸ்கட்டுக்குப் போய் ஒப்பந்தம் முடியச் சில மாதம் இருக்கையில் கம்பெனி படுத்துவிட்டது, அப்பாவின் வள்ளத்துக்கு நீலப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்து முக்கால் பாகத்தில் பெயின்ட் தீர்ந்துபோக அந்த வள்ளம் முக்கால் நீலமாகவே கடலுக்குப் போய் வருகிறது. கல்யாணமும் அப்படித்தான். கோயிலில் கல்யாண ஓலை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும், இவனுக்கு இரண்டாம் ஞாயிறு வாசித்த மறுநாள் பெண்வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைந்தால் அவன்தான் என்ன செய்வான், ஆனால் ஊருக்கு அதைப் பற்றி என்ன? எதையாவது ஒன்றை முடித்துவிட்டு வந்து என் முன்னால் நில்லுல என்று சுவக்கின் மாமா ஒருநாள் நடுத்தெருவில் வைத்துச் சொல்லிவிட்டார், அன்றிலிருந்து அப்பாவும் மகனும் ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கடைக்கு வந்து ஆடுவான், அங்கேயும் கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் செத்துப்போவான். ஒன்றே ஒன்றை முடித்துவிட்டால் போதும் அக்கா, பிறகு எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று செலினக்காவிடம் சொல்வானாம்.

மழை எங்கள் ஊருக்கு விருந்தாளி மாதிரி, வரும், ஒரு வாய் காப்பி குடிக்கும், போய்விடும். அந்த வருடம் வந்தது பாயை விரித்துப் படுத்துவிட்டது. ஐப்பசியில் தொடங்கி உப்பளத்தில் இருந்த உப்பையெல்லாம் கரைத்துக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தது, வள்ளங்களைக் கரையில் ஏற்றியது, கருவாடு விற்கிற லூர்தம்மா காயப்போட்டதில் புழு வைத்தது, சட்டை காயவில்லை, சுவர் காயவில்லை, தலைமுடிகூடக் காயவில்லை. நான் ரெஜினா, செலினக்காவுக்கு எதிர்வீடு, அப்போதுதான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, காலையில் இளவெயில் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெயிலுக்கு நான் எங்கே போவேன்? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு காலையில் பயல்கள் ஒருவனும் வராத கடையில் கஸ்பார் தனியாக உட்கார்ந்திருக்க, அக்கா டின்னின் அடியில் கையை விட்டு அந்தக் கேசட்டை எடுத்து, இதில் யாரும் சாகமாட்டார்கள், உனக்குத் தோதான ஆட்டம் என்று கொடுத்தாள். அவன் வழக்கம்போல அடியில் வாயை வைத்து ஊதித் தூசியைத் தட்டிச் செருகினான். தொப்பிக்காரர் நடக்க ஆரம்பித்தார். புல், மரம், வளைந்து போகிற மண்பாதை, மேலே ஒரு சூரியன். கொஞ்ச நேரத்தில் டிவிக்கு முன்னாலிருந்த சிமெண்ட் தரை வெளுத்து, ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்தது. முதலில் வந்தது பூனை. வந்து நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டது. பூனை படுத்ததைப் பார்த்த அக்கா உள்ளே போய் ஈரத் துண்டை எடுத்துவந்து பூனைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. இது எப்படி என்று கேட்டவர்கள் குறைவு, எனக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். முன்னறை முழுக்கக் கயிறு கட்டினோம், காலையில் பள்ளிக்கூட உடுப்புகள், பிறகு மாவு, மல்லி, மிளகாய், பிறகு வடகம், சாயங்காலம்தான் கருவாடு, ஏனென்றால் கருவாட்டுக்குப் பின்னால் எதைப் போட்டாலும் கருவாடாகிவிடும் என்று சண்டை போட்டு ஒரு முறை வைத்தோம். பங்குச்சாமியாரிடம் இது தேவ காரியமா பசாசின் காரியமா என்று கேட்கப் போனார்கள், அவர் நனைந்த அங்கியோடு நேரில் வந்து பார்த்தார், செபித்துச் சொல்கிறேன் என்றார், அங்கியை மட்டும் கழற்றிக் கயிற்றில் போட்டுவிட்டுப் போனார், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைப் பொசுக்கிப் பார்த்து, இது வெயில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அதைத்தான் பூனை முதல்நாளே சொல்லியிருந்தது. மழைக்காலத்துக் கரண்டை நம்ப முடியாதென்று கரையில் நின்ற வள்ளங்களின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டுவந்து கேம் பெட்டிக்கும் டிவிக்கும் கொடுத்தார்கள். நான் காலையில் அடிக்கிற முதல் வெயிலில் பிள்ளையைத் துணி உருவிக் கிடத்துவேன், அதற்கு மட்டும் ஒருவரும் வரிசை பேசவில்லை. மற்ற கேசட்டுகளையும் விட்டுவைக்கவில்லை, பக்கத்துத் தெருவில் இன்னொரு பெட்டியை இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ரொட்டிக் கேசட்டில் வாசனைகூட வரவில்லை, தூண்டில் கேசட்டுக்கு முன்னால் லூர்தம்மா கூடையை வைத்துக்கொண்டு ஒருநாள் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தாள், ஒரு அயிலை மீனுக்கு வழியில்லை. ஆனால் உட்கார்ந்தவளுக்கு ஆட்டம் பிடித்துப்போனது, அது வேறு கதை.

கஸ்பார் நடத்திக்கொண்டே இருந்தான். ஜாய்ஸ்டிக்கை விட்டால் தொப்பிக்காரர் மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார், அறையும் இருண்டுவிடும். அதனால் காலையில் வந்து உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டான், எங்களில் யாராவது அவன் வாயில் சோற்றை ஊட்டினோம். பயல்கள் தாங்கள் ஆடுகிறோம் என்று வந்தார்கள், அவன் சாகவில்லையே, எப்படி வாங்குவது? சட்டம் சட்டம்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். முக்கால் என்று கூப்பிட்டவர்கள் கஸ்பார் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். அதில் அவன் மயங்கியதாகத் தெரியவில்லை. அவன் பார்வையெல்லாம் பாதை போகிற திசையிலேயே இருந்தது. கார்த்திகை பாதியில் ஒருநாள் பாதையின் கோடியில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு தெரிந்தது, கதவு சாத்தியிருந்தது, வாசலில் ஒரு கிணறு. அவன் எழுந்து நின்றுவிட்டான். அக்கா, வீடு தெரியுது, இன்னும் கொஞ்சம்தான் என்று அவன் கூவியதை நானே கேட்டேன்.

நாங்கள் வாசலைப் பார்த்தோம். வெளியே மழை விட்டபாடில்லை. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால் ஆட்டம் முடியும், ஆட்டம் முடிந்தால் வெயில் ஏது? பெரிய ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள். கடலில் போகிறவர்களுக்கு வருகிற யோசனைதானே வரும். கரை சீக்கிரம் வந்துவிட்டால் வள்ளத்தைத் திருப்பி ஒரு சுற்றுப் போய்விட்டு வருவதில்லையா, அதுபோல ஆளைத் திருப்பிக் கொஞ்ச தூரம் பின்னால் நடத்து, பிறகு மறுபடி முன்னால் வரலாம் என்றார்கள். கஸ்பாருக்கு மனம் இல்லை. எல்லோரும் சொல்கிறார்களே என்று திருப்பினான்.

தொப்பிக்காரர் திரும்பி நடந்த உடனே கொடியில் கிடந்த சட்டைகள் சொட்ட ஆரம்பித்தன, வடகம் இளகிக் கூழாகித் துணியில் ஓடியது, வற்றல் மிளகாய் உப்பிப் பளபளவென்று பழமாகி நின்றது, லூர்தம்மாவின் கருவாட்டுக் கூடையில் சாளை மீன்கள் வெள்ளி ஏறிச் செவுள் திறந்து வாலை அடித்தன, அவள் மாதாவே என்று கூடையைப் போட்டுவிட்டாள். நான் இதையெல்லாம் அரைகுறையாகத்தான் பார்த்தேன். என் பிள்ளையின் நெற்றியிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து மாருக்கும் மஞ்சள் மறுபடி பரவிக்கொண்டிருந்தது. கஸ்பார் நிறுத்து என்று கத்தினேன். அவன் அதற்கு முன்பே திருப்பிவிட்டிருந்தான்.

பிறகு பின்னால் போகிற பேச்சே இல்லை. அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார், நாலடி திரும்பினதுக்கே இந்தக் கூத்து, அணைத்தால் எல்லாருடைய வீட்டுத் துணியும் சேர்ந்து வெள்ளமாக ஓடும் என்று செலினக்கா அவர் வாயை அடைத்தாள். முன்னால் போனால் முடியும், பின்னால் போனால் நனையும், நின்றால் இருட்டும். எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தோம். அவனுக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் நாலு எட்டுத் தூரம்தான் இருந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றை முடிக்க நாலு எட்டு. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவன் அப்படி நினைத்திருந்தால் நான் குறைசொல்ல முடியுமா? ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் நின்றேன்.

அவன் பிள்ளையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு தொப்பிக்காரரைக் கிணற்றடிக்கு நடத்தி, அதைச் சுற்ற ஆரம்பித்துவிட்டுச் செலினக்காவிடம் சொன்னான்.

"சுத்துனா முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்லக்கா. வெயில் இருக்கும். மழை விடுத வரைக்கும் சுத்துதேன்."

அப்படிச் சுற்றினான். காலை முழுக்க, மத்தியானம் முழுக்க, கதவைப் பார்த்தபடி போய், கதவுக்கு முதுகைக் காட்டி வந்து, கதவைப் பார்த்தபடி போய், மறுநாளும் அதையே, அடுத்த வாரமும் அதையே. பெருவிரலில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போனது, துணி சுற்றிக்கொண்டு சுற்றினான். ஒருமுறை சுவக்கின் மாமா தன் சட்டையைக் காயப்போட வந்து, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வாசல் வரை வந்து நிற்கிறான் பார், எப்போதும்போல என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது என்றில்லை, தெரியும். கஸ்பார் காதில் விழுந்தது, அவன் திரும்பவில்லை, தொப்பிக்காரர் மட்டும் அந்தச் சுற்றைக் கொஞ்சம் மெதுவாக நடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு மாமாவின் ஈரச்சட்டையை எடுத்து மழையில் வீசியிருப்பேன், பெரியவர் என்று விட்டேன். என் பிள்ளை தெளிந்து, மஞ்சள் இறங்கி, குண்டு குண்டாகக் கையை ஆட்டியது.

கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுகிற வாரத்தில் ஒரு காலையில் மழை நின்றிருந்தது. மேகம் கிழிந்து, தெருவில் நிஜ வெயில் இறங்கியது. அதைப் பார்க்க வேண்டுமே, ஊரே பித்துப் பிடித்ததுபோல வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியது, பாயும் தலையணையும் மெத்தையும் அரிசியும் தெருவுக்கு வந்தன, ஆண்கள் பேட்டரிகளைத் தேடி வந்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்துவிட்டு மற்றவற்றைக் கழற்றிக்கொண்டு கடலுக்கு ஓடினார்கள். துணிக்காரர்கள் துணியைப் பார்த்தார்கள், கருவாட்டுக்காரி கருவாட்டைப் பார்த்தாள், நான் என் பிள்ளையைப் பார்த்தேன். போய் வருகிறேன் என்றுகூட ஒருவரும் கஸ்பாரிடம் சொல்லவில்லை. கடையில் வெறும் கயிறுகள் தொங்க, அவன் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். இனி யாருக்காகச் சுத்துற, போ, கதவைத் திற என்று செலினக்கா சொன்னாளாம். அப்போதும் அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, உண்மையாகவே மழை விட்டுவிட்டதா, பிள்ளைக்கு வெயில் கிடைத்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த நாலு எட்டை நடந்தானாம்.

நான் வாசலில் பிள்ளையை வெயிலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். கை நிழல் நீண்டது. நிமிர்ந்தால் தெருக்கோடி வரை மஞ்சள் வெயில், அது அப்படியே சிவந்து, சுவரெல்லாம் பனங்கற்கண்டு நிறத்தில் நின்று, காற்றுத் திரும்பிக் கடலிலிருந்து அந்திக் காற்று வீசியது. கோழிகள் கூட்டுக்குள் போயின. காக்கைகள் கூட்டமாக வேம்புக்கு வந்தன. கோயிலில் மணியடிக்கிறவர் பதறிப்போய் அந்தி ஜெப மணியை அடித்தார், மணியைக் கேட்டவர்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து சிலுவை போட்டு நின்றார்கள். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. லூர்தம்மாதான் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கஸ்பார் முடிச்சுட்டான் என்றாள். அரைகுறையாகக் காய்ந்த மெத்தைகள் தெருவெல்லாம் கிடந்தன, அதற்காக ஒருவரும் கஸ்பாரைக் குறைசொல்லவில்லை.

பிள்ளையோடு கடைக்கு ஓடினேன். கஸ்பார் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு, கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அழுதிருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். செலினக்கா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் அறை இருட்டியது, திரும்பிப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு சுவக்கின் மாமா. வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கும்போது கடலில் அந்தியைப் பார்த்தவர், வள்ளத்தை அப்படியே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து ஒட்ட வந்திருந்தார். மூச்சு வாங்கியது. மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"முடிச்சுட்டியால?"

"முடிச்சுட்டேன்ப்பா."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஒரு கட்டில்தான். தொப்பியக் கழத்தி வச்சுட்டுப் படுத்துட்டாரு. அவ்வளவு தூரம் நடந்தவருல்லா."

மாமா தலையை ஆட்டினார். உள்ளே வந்து, துணி சுற்றியிருந்த அந்தக் கையைப் பிடித்து மகனை எழுப்பினார்.

"அப்ப நீயும் வா. வீட்டுல வந்து படு."

அந்தியில் இரண்டு பேரும் தெருவில் நடந்து போனார்கள், மாமா அந்தக் கையை விடவில்லை. அவர்கள் கடந்துபோன வீடுகளில் நாங்கள் பாத்திரங்களை மெதுவாக வைத்தோம், கதவுகளைச் சத்தமில்லாமல் சாத்தினோம், அழுகிற பிள்ளைகளை மார்பில் போட்டுக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் அந்த அந்தி விலகி மறுபடி விடிந்து, அதே நாளின் மத்தியானம் வந்தது, அப்போதும் கஸ்பார் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் தானாக எழுந்திருக்கிறவரை எங்கள் தெருவில் ஒருவரும் குரலை உயர்த்திப் பேசவில்லை.